காதில் மாட்டும் முன் கொஞ்சம் கேளுங்கள்!

"டாக்டர், ராத்திரி படுத்தா காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரியே இருக்கு. ஃபேனை நிறுத்தினா இன்னும் ஜாஸ்தியா கேக்குது. தூக்கமே போச்சு..."

என் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வயது 26. அம்பத்தூரில் வீடு, சிறுசேரியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஏறி உட்கார்ந்ததும் காதில் குட்டி குட்டியாக இரண்டு வயர் இல்லாத இயர்போனைச் செருகிக்கொண்டு பாட்டு. ஆபீஸுக்குள் போனதும் அதே இயர்போனில் மீட்டிங், கஸ்டமர் கால். வீட்டுக்கு வந்தால் சீரியலும் அதில்தான்.

"சவுண்ட் எவ்வளவு வைப்பே?"

"பஸ்ல கிட்டத்தட்ட ஃபுல்லா வைப்பேன் டாக்டர். இல்லேன்னா இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

கேட்கும் திறன் சோதனை செய்து பார்த்தோம். கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது, 4,000 ஹெர்ட்ஸ் வந்ததும் சின்னப் பள்ளமாக இறங்கி மறுபடி ஏறியது. அதிக சத்தத்தால் காது அடிபட்டவர்களிடம் நாங்கள் பார்க்கும் வழக்கமான பள்ளம் அது. லேத் பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர்களிடம் பார்ப்போம். இந்த வயசுப் பெண்ணிடம் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவள் கேட்டது இது: "அப்போ எந்த ஹெட்போன் வாங்கணும்னு நீங்களே சொல்லுங்க டாக்டர்."

நியாயமான கேள்விதான். வேலையை விடச் சொல்ல முடியாது. இனிமேல் பாட்டே கேட்காதே என்றால் யார் கேட்பார்கள்? கடைக்காரரிடம் கேட்டால் கலரையும் தள்ளுபடியையும் சொல்வார். காதைப் பற்றி அவர் ஏன் கவலைப்படப் போகிறார்! ஆகவே அன்று அவளிடம் சொன்னதையெல்லாம் உங்களுக்கும் சொல்கிறேன்.

வாரத்துக்கு இவ்வளவுதான் ரேஷன்

நம் உள்காதில், நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பில், ஒவ்வொரு பக்கமும் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்குப் புரியும் மின்செய்தியாக மாற்றுபவை அவைதான். செத்துப்போனால் மறுபடி முளைக்காது. தலைமுடிக்காவது விக் உண்டு!

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு சொல்கிறது. 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. 90 டெசிபலுக்குப் போய்விட்டால் வாரத்துக்கு மொத்தமே 4 மணி நேரம்தான். குழந்தைகளுக்கு 40 மணி நேர எல்லை 75 டெசிபலிலேயே வந்துவிடுகிறது.

நம் பெண்ணின் கணக்கைப் போடுங்கள். பஸ்ஸில் மட்டும் தினம் 3 மணி நேரம். 90 டெசிபலில் கேட்டால் திங்கள் 3 மணி, செவ்வாய் காலை 1 மணி. அதோடு அந்த வாரத்து ரேஷன் காலி! மீதி நாள் முழுக்கக் கடன்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவள் சத்தமாகக் கேட்க ஆசைப்பட்டவள் இல்லை. பஸ் இரைச்சலே ஏறக்குறைய 80 டெசிபல் இருக்கும். பாட்டு கேட்க வேண்டுமானால் அதைத் தாண்டி ஏற்றியாக வேண்டும். அவளை அப்படி ஏற்ற வைத்தது வெளிச்சத்தத்தைத் தடுக்காத அந்த இயர்போன். காதின் வாசலில் சும்மா தொங்கும் திறந்த வகை அது. அமைதியான அறையில் அதுவே நல்ல சாமான்தான். பஸ்ஸுக்கு ஆகாது.

எனவே ஹெட்போன் வாங்கும்போது முதல் கேள்வி 'எந்தக் கம்பெனி?' என்பதல்ல. 'எந்த இடத்தில் அதிகம் கேட்கப் போகிறேன்?' என்பதுதான்.

அடைப்பும் அடக்கலும்

வெளிச்சத்தத்தைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, அடைப்பது. காதுத் துவாரத்தில் பொருந்தும் ரப்பர் மூடி, அல்லது காதையே மூடும் பெரிய மெத்தை. இன்னொன்று, இப்போது எல்லா விளம்பரத்திலும் வரும் நாய்ஸ் கேன்சலிங். வெளியே இருக்கும் சின்ன மைக் சத்தத்தை வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையைக் காதுக்குள் அனுப்புகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்து தட்டையாகிவிடுகிறது. 1978-ல் விமானத்தில் போய்க்கொண்டிருந்தபோது இரைச்சல் தாங்காமல் இதற்குக் கணக்குப் போட ஆரம்பித்தவர் அமர் போஸ். அமெரிக்காவில் பிறந்தவர், தகப்பனார் நம்ம வங்காளத்துக்காரர். 1989-ல் அவர் கம்பெனி விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இது எல்லா சத்தத்தையும் விழுங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். பஸ் இன்ஜின், ரயில், ஏ.சி. மாதிரி ஒரே சீராக உறுமும் தாழ்ந்த ஒலியைத்தான் நன்றாக அடக்கும். பக்கத்து சீட்டு அரட்டை, ஹாரன், குழந்தை அழுகை இதற்கெல்லாம் ரப்பர் மூடியின் அடைப்புதான் துணை. தினம் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு நாய்ஸ் கேன்சலிங் ஆடம்பரம் இல்லை, காதுக்கு மருந்து என்றே சொல்வேன். வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு அந்தப் பணம் வீண்.

ரப்பர் மூடியின் அளவு மிக முக்கியம். பெட்டிக்குள் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று மூன்று ஜோடி இருக்கும். நம்ம ஆட்கள் ஏற்கனவே மாட்டியிருப்பதை அப்படியே போட்டுக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். சரியான அளவு என்றால் தவில், மிருதங்கத்தின் தொப்பி ஒலி முழுசாகக் கேட்கும். சத்தம் சப்பென்று, தகர டப்பா மாதிரி இருந்தால் இடைவெளி விழுகிறது என்று அர்த்தம். சிலருக்கு இடது காதும் வலது காதும் ஒரே அளவாக இருக்காது. இடதுக்கு நடுத்தரம், வலதுக்குப் பெரிசு போட்டால் யாரும் சிரிக்கப் போவதில்லை. வலித்தால் மட்டும் கூடாது.

காதை மூடும் பெரிய வகை சுகமானதுதான். ஆனால் சித்திரை வெயிலில் அரை மணியில் காது வேர்த்துக் கொட்டும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள். சட்டம் மெத்தையை விலக்கி விடும். காதுக்கு மேலே அழுத்தித் தலைவலியும் வரும். ஏ.சி. அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஏற்றது.

பேசுவதற்கு வேறு பரீட்சை

பாட்டுக்கு நன்றாக இருப்பது பேச்சுக்கும் நன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. "பாட்டு சூப்பரா கேக்குது, மீட்டிங்ல மட்டும் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு, பழுதா?" என்று கேட்பவர்கள் நிறைய. பழுது இல்லை. பாட்டு ஒரு வழிப் பாதை. பேச ஆரம்பித்தால் குரல் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். ப்ளூடூத்தின் குறுகலான பாதையில் இரண்டையும் நெருக்கி அனுப்புவதால் குரலின் உயர்ந்த ஒலிகள் வெட்டப்படுகின்றன. 'ச', 'ஸ' போன்ற எழுத்துக்களின் தெளிவு அந்த உயர்ந்த ஒலிகளில்தான் இருக்கிறது. புரியாததால் நாம் சத்தத்தை ஏற்றுகிறோம். சத்தம் கூடுமே தவிர தெளிவு கூடாது.

லேப்டாப்பில் மீட்டிங் நடத்துபவர்களுக்கு ஒரு சின்ன தந்திரம். அறை அமைதியாக இருந்தால், மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்போன் ஒரு வழிப் பாதைக்கே திரும்பிவிடும். எதிராளி குரல் பளிச்சென்று கேட்கும். 2020-ல் அறிவிக்கப்பட்ட எல்.இ. ஆடியோ என்ற புதிய முறையில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. ஆனால் ஹெட்போன், போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

கடையில் நின்று பாட்டு போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கடைக்காரர் விட்டால் வாசலுக்கு வந்து, ரோட்டில் ஆட்டோ போகும்போது வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். "நான் பேசுறது தெளிவா கேக்குதா, இல்ல ஹாரன்தான் கேக்குதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு நிமிஷம், பெட்டியில் அச்சடித்திருக்கும் அத்தனை நம்பரையும்விட உபயோகமானது.

நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். காதை அடைத்துக்கொண்டு பேசினால் நம் குரல் நமக்கே குடத்துக்குள் பேசுவதுபோல் மொத்தையாகக் கேட்கும். எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்ற அளவு தப்பிப்போய்க் கத்த ஆரம்பிப்போம். சாயங்காலம் தொண்டை கட்டும். ஆன்லைன் வகுப்பு எடுக்கும் ஆசிரியைகள் என்னிடம் தொண்டை வலி என்று வந்தால் முதலில் ஹெட்போனைத்தான் விசாரிக்கிறேன். பேசும்போது நம் குரலை நமக்கே கொஞ்சம் கேட்கவிடும் வசதி சிலவற்றில் உண்டு. கேட்டு வாங்குங்கள். போனிலும் லேப்டாப்பிலும் ஒரே சமயத்தில் இணையும் வசதியும் இவர்களுக்குத் தேவை.

ஒரு காதில் மட்டும் மாட்டிப் பேசுவது சிலர் பழக்கம். இரண்டு காதாலும் கேட்கும்போது குறைந்த சத்தமே போதும். ஒற்றைக் காது என்றால் கை தானாகச் சத்தத்தைக் கூட்டும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. எஸ்.பி.சி., ஏ.ஏ.சி., எல்டாக் என்ற பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் போனிலும் அது இருந்தால்தான் பலன். '40 மணி நேரம் ஓடும்' என்று பெட்டியில் இருந்தால், அது டப்பாவில் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றுவதையும் சேர்த்த கணக்கா என்று பாருங்கள். குட்டி இயர்போனின் பேட்டரி சில வருஷத்தில் தளரும், பெரும்பாலும் மாற்ற முடியாது. வியர்வைக்கு ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறி போதும். ஆனால் டப்பாவுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிவிடாமல், துடைத்து உலர்த்தி உள்ளே வையுங்கள். பி.ஐ.எஸ். முத்திரைக்குப் பக்கத்தில் ஆர் என்று தொடங்கும் எண் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் அசலா போலியா என்று தெரிந்துவிடும்.

"ப்ளூடூத் கதிர் மூளையைப் பாதிக்குமாமே?" என்று தினம் ஒருவராவது கேட்கிறார்கள். இது எக்ஸ்ரே மாதிரி அல்ல. செல்லை உடைக்கும் சக்தி இல்லாத ரேடியோ அலை. போனையே காதில் ஒட்டிவைத்துப் பேசுவதைவிட இதன் சக்தி மிகக் குறைவு. கவலைப்பட வேண்டியது கதிரைப் பற்றி அல்ல, வால்யூமைப் பற்றி.

சுத்தம் மறக்கக் கூடாது. குளித்துவிட்டு ஈரக் காதில் இயர்போனைச் செருகினால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. அரிப்பு வரும், அப்புறம் ஹேர்பின்னால் குடைவீர்கள், அப்புறம் என்னிடம் வருவீர்கள்! ரப்பர் மூடியைக் கழற்றி வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அக்கா தங்கையானாலும் கடன் கொடுக்காதீர்கள். காதில் சீழ் வடிபவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் உள்ளே செருகும் வகையைத் தொடவே வேண்டாம். கன்னத்து எலும்பு வழியாகக் கேட்கும் வகை இவர்களுக்கு ஒத்துவரும். அதிலும் சத்தம் அதிகம் வைத்தால் உள்காது கெடும்தான்.

ரோட்டைக் கடக்கும்போதும் தண்டவாளம் அருகிலும் கழற்றிவிடுங்கள். திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் 'அடைச்சிருக்கு, சரியாயிடும்' என்று வாரக்கணக்கில் இருக்காதீர்கள். அன்றே, முடியாவிட்டால் மறுநாளே டாக்டரிடம் போங்கள். சீக்கிரம் மருந்து கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு.

அப்பாவுக்கு ஒரு ஹெட்போன்

எழுந்து போகும்போது அந்தப் பெண் சொன்னாள்: "அப்பாவுக்கும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன் டாக்டர். டி.வி. சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க."

"வாங்கறதுக்கு முன்னாடி அவரைக் கூட்டிட்டு வாம்மா" என்றேன்.

வந்தார். 68 வயது. இரண்டு வருஷம் முன்பு பேஸ்மேக்கர் வைத்தவர். இடது காதில் கட்டியாக அழுக்கு. எடுத்த பிறகு சோதித்தால் இரண்டு காதிலும் வயசுக்கான கேள்விக் குறைவு. இவருக்கு ஹெட்போன் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஃபுல் சவுண்டில் வைத்து, மிச்சமிருப்பதையும் தொலைத்திருப்பார். அதோடு, இயர்போன் டப்பாவில் காந்தம் உண்டு. அதை நம் அப்பாமார்கள் எங்கே வைப்பார்கள்? சட்டையின் இடது பாக்கெட்டில், பேஸ்மேக்கர் மேலேயே! அப்படிப்பட்ட சாமானைக் குறைந்தது ஆறு அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். அவருக்குக் காது மெஷின் எழுதிக் கொடுத்தேன். இப்போது வரும் மெஷின்கள் பலவற்றில் போன் பேச்சே நேராகக் காதுக்கு வந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். அவள் நாய்ஸ் கேன்சலிங் உள்ள ஒன்றை வாங்கி, போனில் சத்தத்துக்கு உச்சவரம்பும் வைத்திருந்தாள். பஸ்ஸில் பாதி வால்யூமே போதுமாம். மதிய சாப்பாட்டு நேரத்தில் காதுக்கு லீவு. சில்வண்டு தினமும் கத்துவதில்லை, சில ராத்திரிகளில் மட்டும். சோதனையில் அந்த 4,000 ஹெர்ட்ஸ் பள்ளம் அப்படியேதான் இருந்தது. இனி அது நிரம்பாது. ஆழமாகாமல் இருந்தால் போதும் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள்.

அவள் ரிப்போர்ட்டைப் பற்றி அப்பாவிடம் உரக்க விளக்க ஆரம்பித்தாள். புது மெஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "மெதுவாச் சொல்லும்மா, ஏன் கத்தறே? எல்லாம் கேக்குது."