வயிற்றை அப்புறம் பார்க்கலாம்

குழந்தை பார்க்க வருகிறவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்த கையோடு உன் வயிற்றையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். "இன்னும் உள்ள போகலையே" என்று ஒரு பெரியம்மா சொல்லிவிட்டால் போதும், அன்று ராத்திரியே உடற்பயிற்சி தேடி யூடியூபைத் திறந்துவிடுவாய். வேண்டாம்டீ. கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஆறு வாரம் பிடிக்கும்.

முதல் கவனிப்பு வயிற்றுக்கு இல்லை, அதற்கும் கீழே. இத்தனை மாதம் பாரம் தாங்கியது இடுப்பின் அடித்தசைதான். தும்மினால் சிறுநீர் கசிகிறதா? அந்தத் தசை தளர்ந்திருக்கிறது. காற்று பிரிவதை அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடி, ஐந்து எண்ணு, அதே அளவு நேரம் தளர விடு. பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்காதே. இதற்குக் கெகல் பயிற்சி என்று பெயர்; 1948-ல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கெகலின் பெயர்தான் அது. சுகப்பிரசவமென்றால் வலி இல்லாத அளவுக்குச் சில நாளிலேயே தொடங்கலாம். சிசேரியன் என்றால் யூரின் டியூபை எடுத்த பிறகு. பால் கொடுக்க உட்காரும்போது செய்துகொள். பக்கத்தில் மாமியார் இருந்தாலும் தெரியாது!

சிசேரியன் ஆனவள் படுக்கையிலிருந்து நேராக எழக்கூடாது. பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழு. இருமல் வந்தால் தையல்மேல் தலையணையை அணைத்துக்கொள். குழந்தையைவிடக் கனமான எதையும், துணி ஊறிய வாளி உட்பட, இப்போது தூக்காதே. வீட்டுக்குள் மெதுவாக நடக்கலாம். காலில் ரத்தம் கட்டாமலிருக்க நடக்கத்தான் வேண்டும். அம்மா கட்டிவிடும் வயிற்றுத் துணி முதுகுக்கு இதம்தான். ஆனால் மூச்சு முட்ட இறுக்கினால் பாரம் முழுக்க அந்த அடித்தசைமேல்தான் இறங்கும்.

ஆறு வார செக்கப்பில் டாக்டர் சரி சொன்ன பிறகு இதைப் பார். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கு. தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரல் வைத்தால் இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் விழுகிறதா? வயிற்றுத் தசை விலகியிருக்கிறது. சிட்-அப் பக்கமே போகாமல் பிசியோதெரபிஸ்டைப் பார். பள்ளம் இல்லாவிட்டாலும் குதிப்பது, ஓடுவது எல்லாம் அவசரமில்லை. கர்ப்பத்தில் வந்த மூட்டுத் தளர்ச்சி போகச் சில மாதம் ஆகும்.

பயிற்சிக்குப் பாய் விரிக்கும் முன் தரையைத் துடை. குழந்தையைக் குளிப்பாட்டிய எண்ணெய் அங்கே சொட்டியிருக்கும். குழந்தையைக் கட்டிலிலோ சோபாவிலோ விடாதே. உன் கண்பார்வையில், கை கால் இடிக்காத தூரத்தில், தரையில் மல்லாக்கப் படுக்க வை. கழுத்து நிற்காத பிள்ளையைத் தூக்கித் தூக்கி இறக்குவது உடற்பயிற்சி ஆகாது.

பால் கொடுத்துவிட்டுத் தொடங்கினால் மார்பு கனக்காது. அளவான பயிற்சியால் பால் குறையாது. ஆனால் பட்டினி கிடக்காதே: முதல் ஆறு மாதம் தாய்க்கு நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். பத்தியம் என்று சில வீடுகளில் தண்ணீரையும் குறைப்பார்கள், அதைக் கேட்காதே.

குறைந்திருந்த உதிரப்போக்கு மறுபடி சிவப்பாகக் கூடினால் அன்றைக்குச் செய்தது அதிகம், ஓய்வெடு. ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, விடியட்டும் என்று இருக்காதே.