தேவாங்கு காக்கும் உயிர்வேலி

ஆனைமலை மழைக்காடுகளில் வாழும் இருவாட்சிப் பறவை முதிர்ந்த பெருமரங்களின் பொந்துகளில்தான் முட்டையிடும். பெட்டை பொந்துக்குள் அமர்ந்து வாயிலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை சிறு துவாரம் வழியே பழங்களை ஊட்டும். தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காகப் பெருமரங்கள் வெட்டப்பட்டதால் இப்பறவையின் வாழ்விடம் சுருங்கிவிட்டது. மரம் போனால் பறவையும் போகும்.

மழை குறைந்த குஜிலியம்பாறை வட்டாரத்திற்கும் இதே பாடம் பொருந்தும். அருகிலுள்ள கடவூர் மலைகளையும் அய்யலூர்க் காடுகளையும் சார்ந்து, மரத்தையே நம்பி வாழும் ஒரு சிற்றுயிர் தேவாங்கு. இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளில் வாழும் இதன் உறவினமான செந்தேவாங்கு, காடுகள் துண்டு துண்டாகச் சிதைந்ததால் அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. நம் பகுதித் தேவாங்குக்கும் அந்நிலை வராமல் தடுப்பது விவசாயிகளின் கையிலும் உள்ளது.

வாழ்க்கை முறை

தேவாங்கு குரங்கினத்திற்குத் தூரத்து உறவு. வால் இல்லை, எடை சுமார் கால் கிலோ. பகலில் முள் அடர்ந்த மரங்களிலும் புதர்களிலும் சுருண்டு உறங்கும். இரவில் கிளை விட்டுக் கிளை மெதுவாக நகர்ந்து எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி முதலியவற்றைப் பிடித்துத் தின்னும். மரப்பிசினும் உண்ணும். சோளத்தையோ நிலக்கடலையையோ தொடுவதில்லை. இது ஒன்றே பயிர்ப் பூச்சிகளை அடக்கிவிடும் என்று எண்ணலாகாது; எனினும் உழவனுக்கு உதவும் உயிர்களில் இதுவும் ஒன்று.

இது குரங்கைப் போலத் தாவாது. இரு மரங்களின் கிளைகள் தொட்டுக்கொண்டிருந்தால்தான் மேலேயே கடந்து செல்லும். இல்லையேல் தரையில் இறங்கும். அங்குதான் நாயும் வாகனமும் இதன் உயிரைப் பறிக்கின்றன.

குறைந்து வரக் காரணங்கள்

கிளுவை வேலிகளை அகற்றிக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டுவதால் இதன் பாதை அறுபடுகிறது. வரப்பு மரங்கள் வெட்டப்படுகின்றன. கோடையில் புதர்களுக்குத் தீ வைக்கப்படுகிறது. மின்கம்பிகளில் சிக்கியும் இறக்கிறது. இதன் கண்ணும் உடலும் மருந்துக்கும் மாந்திரீகத்திற்கும் உதவும் என்ற மூடநம்பிக்கையால் பிடித்துக் கொல்வோரும் உள்ளனர். இந்நம்பிக்கைக்கு எவ்வித ஆதாரமும் இல்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தேவாங்கு சேர்க்கப்பட்டுள்ளது. இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் கொல்வதும் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

சரணாலயம் மட்டும் போதுமா?

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் வனப்பரப்பு, 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்கிற்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுவே. ஆனால் தேவாங்கிற்குச் சரணாலய எல்லை தெரியாது. காட்டை ஒட்டிய புஞ்சைகளின் வேலிகளிலும் தோப்புகளிலும் அது உலவும். ஒரு காட்டுத் துண்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல விவசாயியின் வேலியே அதற்குப் பாலம்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. இருக்கும் கிளுவை வேலியை அழிக்க வேண்டாம். இடைவெளிகளில் போத்து நட்டு நிரப்பவும். கம்பி வேலி தேவையெனில் உயிர்வேலியை ஒட்டி உட்புறமாக அமைக்கலாம். உயிர்வேலி காற்றைத் தடுக்கும். மண் அரிப்பைக் குறைக்கும்.

2. வரப்பிலுள்ள வேல், உசிலை மரங்களைக் கூடியவரை காக்கவும். விறகுக்குக் கழிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் கழிக்காமல் பகுதி பகுதியாகக் கழிக்கவும்.

3. வேலிகளுக்கும் புதர்களுக்கும் தீ வைக்கக் கூடாது. பயிர்க் கழிவுகளை எரிக்காமல் குப்பைக்குழியில் இட்டு மக்கச் செய்யவும்.

4. பூச்சித் தாக்குதல் பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டுமே மருந்து தெளிக்கவும். வேலி ஓரங்களில் மருந்து படாமல் பார்த்துக்கொள்ளவும்.

5. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது சட்ட விரோதம். அது தேவாங்கை மட்டுமல்ல, மனிதரையும் கொல்லும்.

6. கிளையில் தனியாகத் தொங்கும் குட்டியை எடுக்கக் கூடாது. தாய் இரை தேடும்போது குட்டியைக் கிளையில் விட்டுச் செல்வது வழக்கம். காயம்பட்ட தேவாங்கைக் கண்டால் வனத்துறைக்கு உடனே தெரிவிக்கவும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் செலவு ஏதுமில்லை. பாட்டன் காலத்தில் நட்ட கிளுவை வேலியை ஒரே நாளில் இயந்திரம் பிடுங்கிவிடும். அதே அடர்த்தியில் மீண்டும் வளர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே வேலியைப் பிடுங்குமுன், அதில் குடியிருக்கும் உயிரையும் விவசாயிகள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.