ஹெலிகாப்டர் பணித்திட்டம்: பழைய மென்பொருளை மாற்றும் பணி

லே விமான நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,256 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கோடைப் பிற்பகல் ஒன்றில் அங்கு வெப்பநிலை 25 டிகிரி செல்சியசை எட்டுமாயின், காற்றின் அடர்த்தி சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டிய அளவிற்குக் குறைந்துவிடுகிறது. ஹெலிகாப்டர் சுழலியின் தூக்குவிசையும் என்ஜினின் ஆற்றலும் காற்றின் அடர்த்தியைப் பொறுத்தவை. எனவே விடியற்காலையில் தூக்கிச் செல்லக்கூடிய சுமையைப் பிற்பகலில் அதே தளத்திலிருந்து தூக்க இயலாமற் போகலாம். மலைமுகட்டில் காயமுற்றுக் கிடக்கும் வீரரை மீட்கச் செல்லும் விமானி, எவ்வளவு எரிபொருளை நிரப்புவது, உடன் செல்வோர் எத்தனை பேர், திரும்புகையில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பனவற்றைப் புறப்படுமுன் கணக்கிட்டாக வேண்டும். இக்கணக்கையும், செல்லும் வழி, நிலத்தின் உயரம், வானிலை, பகைவரின் ஆயுத எல்லை, வானொலி அலைவரிசை முதலியவற்றையும் ஒருங்கே வகுப்பதே பணித்திட்டம் எனப்படும்.

முற்காலத்தில் இவையனைத்தும் தாளிலேயே நடைபெற்றன. வரைபடத்தில் பென்சிலால் வழி வரையப்பட்டது. பறப்புக் கையேட்டின் வளைகோட்டுப் படங்களில் விரலை வைத்து எடையும் ஆற்றலும் காணப்பட்டன. பின்னர் கணிப்பொறி வந்தது. இப்போது பல வகை ஹெலிகாப்டர்களில், தரையில் தயாரான திட்டம் ஒரு சிறு தரவுப் பேழையில் பதிவு செய்யப்பட்டு, விமானி அறையிலுள்ள கருவியில் செருகப்படுகிறது. அம்மென்பொருள் பழையதாகி, அதை மாற்றவேண்டிய நிலை வரும்போது எழும் சிக்கல்கள் பலரும் எண்ணுவதைவிடப் பெரியவை.

அமெரிக்க அனுபவம்

இத்துறையில் நீண்ட அனுபவம் உடையது அமெரிக்கா. 1990-களில் அந்நாட்டு விமானப்படையின் பணித்திட்ட முறை யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் இயங்கியது. இவை விலை மிக்கவை, பயில்வதற்கு எளியவையல்ல. இதற்கு மாற்றாக, ஜார்ஜியா தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ‘பால்கன்வியூ’ என்னும் வரைபட மென்பொருள் சாதாரண மேசைக் கணிப்பொறியில், விண்டோஸ் இயங்குதளத்தில் ஓடியது. அதை உள்ளடக்கிய எளிய திட்டத் தொகுப்பு விரைவில் விமானிகளிடையே பரவியது. மேலிடத்து ஆணையைவிட, கையிலுள்ள கருவியிலேயே அது இயங்கிற்று என்பதே அவ்வரவேற்பிற்குக் காரணம் எனலாம்.

பின்னர் படைகள் அனைத்திற்கும் பொதுவான கூட்டுப் பணித்திட்ட முறையைக் கொண்டுவர முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அடித்தளம் ஒன்று, அதன்மேல் ஒவ்வொரு விமான வகைக்கும் தனித்தனிப் பகுதி என்பது அதன் அமைப்பு. கருத்து செம்மையானதே. ஆயினும் ஒவ்வொரு வகைக்குரிய பகுதியும் எழுதிச் சோதிக்கப்படும் வரை, அவ்வகையின் விமானிகள் பழையதையே நாடவேண்டியிருந்தது. மாற்றம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பழையதும் புதியதும் அருகருகே நின்றன.

இயங்குதளத்தின் ஆயுளும் இங்குக் கருதத்தக்கது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பொது ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் நாளும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரி 14-ஆம் நாளும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-ஆம் நாளும் முடிவுற்றன. ஹெலிகாப்டரோ நாற்பது ஆண்டு பறக்கிறது. பறக்கும் இயந்திரம் ஒன்றே இருக்க, அதற்கு வழி சொல்லும் கணிப்பொறி நான்கைந்து தலைமுறைகளைக் கடக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தில் போர்ப்பணித் திட்டத்தை வைத்திருப்பது பகைவருக்குக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

வரைபடத்தில் ஒளிந்துள்ள பிழை

மென்பொருளை மாற்றுவோர் பெரும்பாலும் திரையின் அழகைப் பேசுகின்றனர். ஆபத்து தரவுகளில் உள்ளது. இந்தியாவில் இதற்குச் சிறந்த உதாரணம் நில அளவை. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவைப் பணியின் வழிவந்த நமது பழைய வரைபடங்கள், எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவிகளோ டபிள்யூஜிஎஸ்-84 என்னும் உலக அளவையைக் கையாளுகின்றன. அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் ஒன்றேயாயினும், இரு அடிப்படைகளிலும் அவை குறிக்கும் இடங்கள் நாட்டின் பல பகுதிகளில் நூறு மீட்டருக்கும் மேல் விலகியிருக்கும். சமவெளியில் இது சிறு பிழை. குறுகிய பள்ளத்தாக்கில் இறங்குதளத்திற்கும் பாறைச் சுவருக்கும் இடையே உள்ள தூரமே அவ்வளவுதான். 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கான வரைபடங்களை டபிள்யூஜிஎஸ்-84 அடிப்படையில் வெளியிட வகை செய்தது. பாதுகாப்புப் படைகளுக்கான வரிசையில் இரு அடிப்படைகளுக்கும் இடம் உண்டு. எனவே பழைய மென்பொருளில் பல்லாண்டுகளாகச் சேர்ந்துள்ள இறங்குதளங்கள், மின்கம்பிகள், கோபுரங்கள் ஆகியவற்றின் பட்டியலைப் புதியதற்கு மாற்றுகையில், ஒவ்வொரு புள்ளியும் எந்த அடிப்படையில் குறிக்கப்பட்டது என்பதைக் கண்டறிவது முதற் கடமையாகும். சலிப்பூட்டும் எழுத்தர் வேலை போல் தோன்றும் இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

என்ஜின் மாறும்போதும் இதே நிலைதான். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் ‘சீத்தா’ ஹெலிகாப்டருக்கு டிஎம்-333 என்ஜினைப் பொருத்தி ‘சீத்தல்’ வடிவை உருவாக்கியது. உடல் ஏறத்தாழ அதுவே. ஆற்றல் அட்டவணை முற்றிலும் வேறு. பழைய அட்டவணையைக் கொண்ட மென்பொருள் எவ்வித எச்சரிக்கையுமின்றித் தவறான விடையைத் தரும். விடை திரையில் தெளிவாகத் தெரிவதால் ஐயமும் எழாது.

கணக்கிற்கு அப்பால்

2021 டிசம்பர் 8-ஆம் நாள் சூலூரிலிருந்து வெல்லிங்டன் சென்ற விமானப்படையின் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே வீழ்ந்து, முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் எதிர்பாராது மாறிய வானிலையால் ஹெலிகாப்டர் மேகத்தினுள் புகுந்ததும், விமானி திசை உணர்வை இழந்ததும் காரணம் என முப்படை விசாரணைக் குழு 2022 ஜனவரியில் கூறியது. இவ்விபத்தை மென்பொருளோடு பொருத்திப் பேசுவது முறையன்று. ஆனால் மலைநாட்டில் மேகம் எவ்வளவு விரைவில் கணக்கைக் கலைக்கும் என்பதை அது காட்டிற்று. நல்ல திட்டத்தில் போகும் வழியோடு திரும்பும் இடமும் குறிக்கப்பட்டிருக்கும்: எந்த வளைவைத் தாண்டினால் குறுகிய பள்ளத்தாக்கில் திரும்ப இயலாது என்பதை, அமைதியாகத் தரையில் அமர்ந்திருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

மாற்றும் முறை

புதியதை ஒரு குறிப்பிட்ட நாளில் புகுத்திப் பழையதை நிறுத்திவிடுவது சிக்கனமாகத் தோன்றும். அது தவறு. ஒரே பயணத்தை இரு மென்பொருள்களிலும் திட்டமிட்டு, எரிபொருள், எடை, நேரம் ஆகியவற்றை ஒப்பிட்டு, வேறுபாடு காணுமிடத்தில் பறப்புக் கையேட்டின் வளைகோட்டுப் படத்தையே நடுவராகக் கொள்ள வேண்டும். இரண்டும் ஒத்துப்போவதும் போதாது. பழையதன் பிழையைப் புதியது நகலெடுத்திருக்கவும் கூடும்.

ரஷ்ய வகை எம்ஐ-17, 2019-இல் விமானப்படையில் சேர்ந்த சினூக், அப்பாச்சி, உள்நாட்டில் உருவான துருவ், 2022-இல் சேர்ந்த பிரசண்ட் எனப் பலவகை ஹெலிகாப்டர்களை இயக்கும் நாட்டிற்கு மற்றொரு கேள்வியும் உண்டு. ஒவ்வொரு விற்பனையாளரும் தத்தம் மூடிய முறையைத் தந்தால், ஒரே மீட்புப் பணிக்குச் செல்லும் இரு வகைகளின் திட்டங்கள் ஒன்றையொன்று அறியா. தரவின் அமைப்பு வாங்குபவருக்கு உரியதாக ஒப்பந்தத்திலேயே எழுதப்படாவிடில், பத்தாண்டு கழித்துச் சிறு திருத்தத்திற்கும் வெளிநாட்டின் தயவை நாட நேரும். பாதுகாப்பு அமைச்சகத்தின் கணிப்பொறிகளில் விண்டோசுக்கு மாற்றாக ‘மாயா’ என்னும் உள்நாட்டு இயங்குதளத்தைப் புகுத்தும் முயற்சி 2023-இல் தொடங்கியது. அலுவலகக் கணிப்பொறிகளுக்கு இம்மாற்றம் ஒப்பீட்டளவில் எளிது. விண்டோசையே நம்பி எழுதப்பட்ட பணித்திட்ட மென்பொருளை அவ்வாறு பெயர்த்து வைக்க, மூலநிரல் கையில் இருந்தாக வேண்டும்.