அன்னையைப் பேணுவோம், அவர் நினைவுகளையும் பேணுவோம்

முதுமையுற்ற அன்னையைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்பதை நாம் இளமையிலேயே கற்றுக்கொள்கின்றோம். பத்துக் கட்டளைகளில் நான்காவது கட்டளை தாய் தந்தையரைப் பற்றியதே. நாட்டின் சட்டமும் அதனை வலியுறுத்துகின்றது. 2007ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பெறும் உரிமையை முதியோருக்கு அளித்துள்ளது.

இவை நான்கும் கிடைத்த பின்னும் ஒரு தாய் தனிமையில் வாடக்கூடும். வேளைக்குக் கஞ்சி வருகின்றது, மாத்திரை வருகின்றது, ஆனால் அவர் வாயைத் திறந்தால், "இதைத்தான் நூறு தடவை சொல்லியாச்சே!" என்று வீட்டார் எழுந்து போய்விடுகின்றனர். செவிசாய்க்கும்படி எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது. அது அன்பினால் மட்டுமே செய்யக்கூடியது. ஆகவே, அன்னையின் பழைய நினைவுகளைப் பேணுவது ஏன் தேவை, அதனை எவ்வாறு செய்வது என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம்.

முதியோர் ஏன் பழையதையே பேசுகின்றனர்?

பழங்கதை பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே கருதினர். அமெரிக்க மனநல மருத்துவர் இராபர்ட் பட்லர் 1963ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் இக்கருத்தை மறுத்தார். வாழ்வின் இறுதிப் பகுதியை அடைந்த ஒருவர் தாம் கடந்துவந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது இயல்பு; தம் வாழ்வுக்குப் பொருள் காணவும், மனத்தில் கிடக்கும் பழைய வருத்தங்களோடு சமாதானம் கொள்ளவும் அது உதவும் என்று அவர் விளக்கினார்.

மற்றோர் உண்மையையும் உளவியலார் கண்டுள்ளனர். நடுவயதைக் கடந்தவர்களிடம் அவர்கள் வாழ்வில் நடந்தவற்றைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 வயது முதல் 30 வயது வரை நடந்தவையே மிகுதியாக வெளிவருகின்றன. முதல் வேலை, திருமணம், முதற் குழந்தை, புது ஊர் என, முதன்முதலாக நிகழ்பவை பலவும் அப்பருவத்தில்தானே நிகழ்கின்றன! ஆகவே அன்னை தம் இளமையைப் பற்றியே பேசுவதில் வியப்பில்லை.

ஆயினும் ஒன்றை நாம் பிரித்தறிய வேண்டும். தமக்குப் பிடித்த கதையை மீண்டும் சொல்வது வேறு. சற்றுமுன் உண்டதை மறப்பது, கேட்ட கேள்வியையே சில நிமிடங்களில் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது வேறு. பின்னவை மறதி நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். அப்போது "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்நோயில் பெரும்பாலும் அண்மைக்கால நினைவுகளே முதலில் மறைகின்றன. இளமைக்கால நினைவுகள் நெடுநாள் நிற்கின்றன. இன்று காலை நடந்ததை நம்மோடு பேச இயலாத தாயும், தாம் சிறுமியாக இருந்த நாளைப் பற்றி மகிழ்ந்து பேசக்கூடும். அவரோடு அங்கே சென்று பேசுவது நம் கையில் இருக்கின்றது.

நம் மலைச்சரிவின் தாய்மார்

போடிநாயக்கனூரைச் சூழ்ந்த ஊர்களில் பல வீடுகளின் கதை மலையோடு பிணைந்தது. போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலைப் பக்கங்களில் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு இன்றும் விடியற்காலையில் ஜீப்புகள் பெண்களை ஏற்றிச் செல்கின்றன. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரடியிலிருந்து தரையோடு படரும் கொத்துகளில் காய்க்கின்றது. ஆகவே பறிப்பவர் நாள் முழுவதும் ஈரத்தில் குனிந்தும் குந்தியும் இருக்க வேண்டும். எல்லாக் காயும் ஒருசேர முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் பார்த்துப் பறித்து, சில வாரங்கள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வரவேண்டும். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் காயை உலர்த்தினால்தான் 1 கிலோ ஏலக்காய் கிடைக்கும். மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக இட்டு, காலில் ஏறும் அட்டையை உதறிக்கொண்டே வேலை செய்த தாய்மார் நம்மிடையே உள்ளனர். இன்று அவர்களின் இடுப்பும் முழங்காலும் வலிக்கக் காரணம் முதுமை மட்டுமன்று.

போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் இன்றும் நடைபெறுகின்றது. அந்தக் கணக்குகளில் எத்தனை கிலோ வந்தது, என்ன விலைக்குப் போயிற்று என்பதெல்லாம் உண்டு. அந்தக் காயைப் பறித்த பெண் யார், அன்று வீட்டில் தம் கைக்குழந்தையை யாரிடம் விட்டு வந்தார் என்பதை எந்தக் கணக்கும் சொல்வதில்லை. அதனைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1945ஆம் ஆண்டில் போடியில் பிறந்த ஒரு தாய் எவற்றையெல்லாம் கண்டிருப்பார் என எண்ணிப் பாருங்கள். மதுரையிலிருந்து போடிக்கு இரயில் பாதை அமைந்தது 1928ஆம் ஆண்டில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. விடுதலைக்குப் பின் 1950களில் பாதை மீண்டும் போடப்பட்டபோது இத்தாய் சிறுமி. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்து, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தின் பகுதிகளாயின. அப்போது அவருக்கு வயது 11. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது வயது 19. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானது. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது அவர் பிள்ளைகள் பள்ளியில் படித்திருக்கலாம். 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து தேனி மாவட்டம் பிரிந்தது. 2010 டிசம்பர் 31இல் மீட்டர் பாதை இரயில் நின்றது. 2023 ஜூன் 15இல் அகலப் பாதையில் இரயில் மீண்டும் போடிக்கு வந்தபோது அவர் 78 வயது மூதாட்டி.

இவ்வாண்டுகள் புத்தகத்தில் கிடைக்கும். ஆனால் நின்றுபோன இரயில் திரும்ப வந்த நாளில் தெருவே எழுந்து ஓடியதா, மாநில எல்லை வகுக்கப்பட்டபோது மலையில் வேலை செய்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், 1990களில் ஞள்ளானி ரகம் பரவுமுன் தோட்டத்தில் எத்தகைய செடிகள் நின்றன என்பவை அவர் நினைவில் மட்டுமே உள்ளன. அவர் தம் தாயிடம் கேட்டவையும் அதில் சேர்ந்திருக்கும். 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் மூணாறு, குண்டலைப் பள்ளத்தாக்கின் சிறு இரயில் பாதை அழிந்ததும், டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கியதும் பல வீடுகளில் வாய்மொழியாக வந்த செய்திகளே. நாம் கேளாமல் விட்டால், ஒரு தலைமுறையின் நினைவு மட்டுமன்று, இரண்டு தலைமுறைகளின் நினைவு மறைந்துபோகும்.

மகன் கேட்ட கதை

ஒரு தாயின் சிறுமிப் பருவக் கதை 1600 ஆண்டுகளைக் கடந்து வாழ்வதை நாம் அறிவோமா? புனித மோனிக்கம்மாள் வட ஆப்பிரிக்காவில், இன்று அல்ஜீரியா எனப்படும் நாட்டில் வாழ்ந்தவர். 387ஆம் ஆண்டில் இத்தாலியின் ஓஸ்தியா துறைமுகத்தில் தமது 56ஆம் வயதில் இறந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் அவர் மகன் புனித அகுஸ்தீனார் எழுதிய நூலில் தாயின் இளமை விரிவாக வருகின்றது. வீட்டுக்குத் திராட்சை இரசம் எடுக்கப் போகும் சிறுமி மோனிக்கா, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்துப் பழகிவிட்டதும், உடனிருந்த பணிப்பெண் சுடுசொல் கூறியதும் வெட்கி அப்பழக்கத்தை விட்டதும் அதில் உள்ளன. இதனை அகுஸ்தீனார் எப்படி அறிந்தார்? தாயே தமக்குச் சொன்னதாக அவர் எழுதியுள்ளார். அன்னை தம் குறையையும் மறைக்காமல் சொன்னார், மகன் செவிமடுத்தார், ஆகவே உலகம் அதனை அறிந்தது.

நம் தமிழகத்தில் பட்டினத்தாரின் வரலாறும் எண்ணத்தக்கது. செல்வத்தையும் சுற்றத்தையும் துறந்த அவர், தாய் இறந்தபோது ஓடிவந்து, தம்மைச் சுமந்து வளர்த்த நாட்களை நினைந்து உருகிப் பாடினார் என்பர். அனைத்தையும் துறந்தவராலும் துறக்க இயலாதது தாயின் நினைவு. அகுஸ்தீனாரும் பட்டினத்தாரும் தாயைப் பற்றிப் பாடியதும் எழுதியதும் அவர் மறைந்த பின்னரே. தாய் உயிரோடிருக்கும்போதே அவரைக் கேட்டு எழுதி, எழுதியதை அவருக்கே படித்துக் காட்டும் பேறு நமக்கு உண்டு.

எவ்வாறு கேட்பது?

"பழைய கதை சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால், "என்னத்தைச் சொல்ல?" என்னும் விடையே வரும். சிறிய, தெளிவான கேள்விகளே வாயிலைத் திறக்கும். "அப்பத்தா, முதல் தடவை மலைக்கு யார் கூடப் போனீங்க? நடந்தா, வண்டியிலா? மதியத்துக்கு என்ன கொண்டு போனீங்க?" என்று கேட்கலாம். அம்மாச்சியிடமும், அவ்வாவிடமும், அம்மாவிடமும் இவ்வாறே கேட்கலாம். கையில் ஒரு பொருள் இருந்தால் இன்னும் நலம். பழைய நிழற்படம், தூக்குவாளி, ஒரு பிடி ஏலக்காய் போதும். மணம் நினைவை எழுப்பவல்லது.

ஆண்டு தெரியாவிட்டால் வருந்த வேண்டியதில்லை. பிறப்புச் சான்று இல்லாத தாய்மார் பலர். "அது புயலுக்கு முன்னாலா, பின்னாலா? தேனி மாவட்டம் பிரிந்த பிறகா?" என்று தெரிந்த நிகழ்ச்சியோடு ஒட்டிக் கேட்டால் காலம் புலப்படும். நினைவு சில வேளை தவறும். அதற்காக அவரோடு வழக்காடுதல் தகாது. அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே எழுதி, நாம் கண்டறிந்த ஆண்டை அருகில் குறித்துக்கொள்வோம்.

கண்ணீர் வந்தால் அஞ்சிப் பேச்சை மாற்ற வேண்டா. கையைப் பற்றிக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்தால் போதும். பசி, இழந்த குழந்தை, பட்ட அவமானம் ஆகியவற்றுள் சிலவற்றைச் சொல்ல அவர் விரும்பாமலும் இருக்கலாம். வற்புறுத்தக் கூடாது. நம்பிச் சொன்னதை அவர் இசைவின்றிப் பிறர்க்குக் காட்டவும் கூடாது. நினைவு அவருடைய உடைமை; நாம் காவலர் மட்டுமே.

இப்பணி பெண்மக்களுக்கு மட்டும் உரியதன்று. அண்ணனும் தம்பியும் அமர்ந்து கேட்கட்டும். செவிசாய்த்தல் மருந்துக்கும் உணவுக்கும் மாற்றும் அன்று. அவற்றோடு சேர்ந்து நடக்க வேண்டியது. கவனிப்பார் இன்றித் துன்புறும் முதியோர் அக்கம்பக்கத்தில் இருந்தால், 14567 என்னும் முதியோர் உதவி எண்ணைப் பெரியவர்கள் வழியாக அழைக்கலாம். 2021ஆம் ஆண்டு முதல் ஜூலைத் திங்களின் நான்காம் ஞாயிற்றுக்கிழமையைத் தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்கும் உரிய நாளாகத் திருச்சபை கொண்டாடி வருகின்றது. அந்நாளைத் தொடக்கமாகக் கொள்வதும் பொருத்தமே.

மாணவியரே! இன்று நமக்குச் சோறு கட்டிக் கொடுத்து, விடியுமுன் ஜீப்புக்கு விரையும் அம்மாவும் ஒருநாள் முதுமை அடைவார். அதுவரை காத்திருக்க வேண்டுமா? அவர் மாலையில் களைத்து வரும்போது ஒரு குவளை தேநீர் கொடுத்து, "இன்னைக்கு எந்தப் பக்கம்மா வேலை?" என்று கேட்போம். ஞாயிறு மாலையில் அப்பத்தாவின் அருகே ஒரு குறிப்பேட்டுடன் அமர்வோம். முதற் பக்கத்தில் அவர் முழுப் பெயரையும், அவரைப் பெற்ற தாயின் பெயரையும், அவர் பிறந்த ஊரையும் எழுதுவோம். நம்முள் எத்தனை பேர் நம் பாட்டியின் தாய் பெயரை அறிவோம்? அதனைச் சொல்ல வல்லவர் இன்று திண்ணையில் அமர்ந்திருக்கின்றார். இன்றே கேட்போம்.