முதல் அட்லாண்டிக் தந்தி வடம் பழுதானது எதனால்?

கேள்வி: 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் போடப்பட்ட தந்தி வடம் சில வாரங்களிலேயே செயலிழந்தது ஏன்?

பதில்: அயர்லாந்தின் வலென்ஷியா தீவையும் நியூஃபவுண்ட்லாந்தின் டிரினிட்டி விரிகுடாவையும் இணைத்து 1858 ஆகஸ்ட் 5-இல் முடிக்கப்பட்ட அந்த வடத்தில், செப்புக் கம்பியின்மேல் கட்டாபெர்ச்சா எனப்படும் மலாயாப் பகுதி மரப்பால் காப்புறையாகவும், அதன்மேல் இரும்புக் கம்பிகள் கவசமாகவும் அமைந்திருந்தன. உள்ளிருந்த செம்புக்கும் வெளியிலிருந்த கடல்நீருக்கும் இடையே மின்னூட்டம் தேங்கியதால், ஒரு முனையில் தரப்பட்ட குறி மறுமுனையில் மெதுவாகவும் மங்கலாகவுமே எழுந்தது. வடத்தின் நீளம் இரட்டித்தால் இத்தாமதம் நான்கு மடங்காகும் என்பதை, பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன் முன்னரே கணித்திருந்தார். விக்டோரியா அரசியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது.

மருத்துவராக இருந்து தந்தி நிறுவனத்தின் மின்வல்லுநரான வைல்ட்மன் வைட்ஹவுஸ், தாம்சனின் கணிப்பை மறுத்து, ஏறத்தாழ 2000 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்தியபோது, காப்புறை சிதைந்தது. எனினும் பழி முழுவதையும் அவர்மேல் ஏற்றுவது நியாயமன்று. அவசரத்தில் தயாரிக்கப்பட்ட அவ்வடம், கடலில் இறங்குமுன்பே குறையுள்ளதாகத்தான் இருந்தது. 1866-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் இறக்கிய வடத்தில் செம்பும் காப்புறையும் தடிமனாக்கப்பட்டன; சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளியின் அசைவால் நுண்ணிய மின்னோட்டத்தையும் காட்டும் தாம்சனின் கருவி இருந்ததால், உயர் மின்னழுத்தம் தேவைப்படவில்லை.