பேரிடரில் அழிந்த சரக்கிருப்பை மதிப்பிடுதல்: மொத்த இலாப முறை

2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் பெருவெள்ளம் கடைகளுக்குள் புகுந்தது. இத்தகைய பேரிடருக்குப் பின் வணிகர் முன் நிற்கும் வினா ஒன்று: அழிந்த சரக்கின் மதிப்பு எவ்வளவு? சரக்கு இல்லாதபோது அதனை எண்ணிப் பார்க்க இயலாது. ஆனால் கணக்கேடுகளைக் கொண்டு மதிப்பிட இயலும்.

அடிப்படைக் கருத்து

விற்பனைக்குக் கிடைத்த சரக்கின் அடக்கவிலையிலிருந்து விற்ற சரக்கின் அடக்கவிலையைக் கழித்தால், எஞ்சுவது கையிருப்பாகும். விற்பனைத் தொகையில் இலாபமும் கலந்திருப்பதால், முந்தைய ஆண்டின் மொத்த இலாப விகிதத்தைக் கொண்டு அதனைப் பிரித்தெடுக்கிறோம். அவ்விகிதம் பெரிதும் மாறவில்லை என்பதே இம்முறையின் எடுகோள்.

எடுத்துக்காட்டு

லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற சங்ககிரியில் ஓர் உதிரிபாகக் கடை 12.10.2025 அன்று தீக்கிரையானதாகக் கொள்வோம். முந்தைய ஆண்டின் விற்பனை ரூ.50,00,000, மொத்த இலாபம் ரூ.10,00,000. எனவே விகிதம் விற்பனையில் 20%.

தொடக்கச் சரக்கிருப்பு (1.4.2025): ரூ.8,00,000
கூட்டுக: கொள்முதல்: ரூ.24,60,000
கழிக்க: கொள்முதல் திருப்பம்: ரூ.1,00,000
கூட்டுக: உள்தூக்குக் கூலி: ரூ.40,000
விற்பனைக்குக் கிடைத்த சரக்கு: ரூ.32,00,000

விற்பனை ரூ.31,00,000, விற்பனைத் திருப்பம் ரூ.1,00,000, நிகர விற்பனை ரூ.30,00,000. இதில் 20% இலாபம் ரூ.6,00,000 நீங்கலாக, விற்ற சரக்கின் அடக்கவிலை ரூ.24,00,000.

தீ விபத்து நாளில் இருப்பு: 32,00,000 – 24,00,000 = ரூ.8,00,000
மீட்கப்பட்ட சரக்கு: ரூ.80,000
சரக்கு இழப்பு: ரூ.7,20,000

காப்பீட்டுக் கோரிக்கை

கடைக்காரர் ரூ.6,00,000க்கு மட்டுமே காப்பீடு செய்திருந்தார் எனில், சராசரி விதிப்படி,

கோரிக்கைத் தொகை = இழப்பு × காப்பீட்டுத் தொகை ÷ இருப்பின் மதிப்பு
= 7,20,000 × 6,00,000 ÷ 8,00,000 = ரூ.5,40,000

எஞ்சிய ரூ.1,80,000ஐ அவரே தாங்க வேண்டும். முனைமத்தில் சிறிது மிச்சம் பிடிக்க எண்ணிக் குறைவாகக் காப்பீடு செய்தவர், பேரிடர் நாளில் அதனினும் பெருந்தொகையை இழக்க நேரிடும்.

கவனத்திற்கு

1. அடக்கவிலையில் 25% இலாபம் என்பது விற்பனையில் 20% ஆகும். மேற்கண்ட கணக்கில் 25 விழுக்காட்டைத் தவறாக விற்பனையின்மீது கணக்கிட்டால், இருப்பு ரூ.9,50,000 எனக் கூடுதலாகத் தோன்றும்.
2. உரிமையாளர் சொந்தப் பயனுக்கு எடுத்த சரக்கைக் கொள்முதலிலிருந்து கழிக்க வேண்டும்.
3. விற்பனையில் சரக்கு மற்றும் சேவை வரியைச் சேர்க்கலாகாது. அழிந்த சரக்கிற்குப் பெற்ற உள்ளீட்டு வரி வரவையும் திருப்பிச் செலுத்த வேண்டும்.
4. ஏடுகளும் எரிந்துபோனால், வங்கி அறிக்கை, வரிப் படிவங்கள், சரக்கு வழங்கியோரின் பேரேடு ஆகியவற்றிலிருந்து விவரங்களைத் திரட்டலாம். ஆகவே கணக்கின் ஒரு படியைக் கடைக்கு வெளியே பாதுகாத்தல் நன்று.

இம்முறை தருவது மதிப்பீடே. ஆண்டிறுதியில் சரக்கை நேரில் எண்ணுவதற்கு அது மாற்றாகாது. எனினும் நாள்தோறும் நேர்மையாக எழுதப்பட்ட கணக்கே, பொருள் அழிந்த பின்னும் வணிகருக்குச் சான்றாக நிற்கும்.

சிந்திக்க

மேற்கண்ட கடைக்காரர் இவ்வாண்டு சில பொருள்களைத் தள்ளுபடியில் விற்றிருந்தால், மதிப்பிட்ட இருப்பு உண்மையான இருப்பைவிடக் கூடுமா, குறையுமா? காரணம் கூறுக.