மீன் படகுக்கு மின்சார மோட்டார்: தெரிந்தெடுத்தலும் பராமரிப்பும்

ஏரியிலும் பெருங்குளத்திலும் மீன் வளர்ப்போர்க்குச் சிறு படகு அவசியமானது. துடுப்பினால் எதிர்க்காற்றில் செல்லுதல் சிரமம். எண்ணெய் யந்திரத்தினால் இரைச்சலும் புகையும் உண்டாவதன்றி, எண்ணெய் நீரிலும் கலக்கும். பாட்டரியினால் ஓடும் மோட்டாருக்கு இக்குறைகள் இல்லை. தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாகச் செல்லும் படகுகளுக்காக, 1934-ம் வருஷத்தில் அமெரிக்காவின் பார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் இதனை அமைத்தார்.

1. வலிமை: இம்மோட்டாரின் தள்ளும் சக்தி ராத்தல் கணக்கிற் குறிக்கப்படும். படகு, ஆட்கள், வலை, பாட்டரி யாவும் சேர்ந்த எடையில் 100 ராத்தலுக்கு 2 ராத்தல் சக்தி வேண்டும். மொத்த எடை 800 ராத்தலானால் 16 ராத்தல் போதுமென்று ஏற்படும். ஆயினும் காற்றும் பாசியும் மிகுந்த இடங்களில் 30 ராத்தல் மோட்டாரே தக்கது.

2. தண்டு: விசிறியின் மேல்நுனி நீர்மட்டத்திற்கு 6 அங்குலமாவது கீழே நிற்க வேண்டும். தண்டு குட்டையானால் விசிறி காற்றை இழுத்து வீணே சுழலும். மிக நீண்டதானால் சேற்றிலும் கல்லிலும் முட்டும்.

3. பாட்டரி: மோட்டார் வண்டியைக் கிளப்பும் பாட்டரி இதற்கு உதவாது. நெடுநேரம் மின்சாரம் கொடுப்பதற்கென்றே செய்த பாட்டரியை வாங்க வேண்டும். ஈயப் பாட்டரியில் பாதிக்கு மேல் செலவழித்தால் அதன் ஆயுள் குன்றும். 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 50-ஐ மட்டுமே கணக்கில் கொள்ளலாம். முழு வேகத்தில் 30 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் அதைக்கொண்டு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே ஓடும். வேகத்தைக் குறைத்தால் நெடுநேரம் ஓடும். லித்தியம் பாட்டரி எடை குறைந்தது, விலையோ அதிகம். அதற்குரிய சார்ஜரையே உபயோகிக்க வேண்டும்.

காற்றோடு எளிதாய்ப் போனவர், திரும்புங்கால் அதே காற்றை எதிர்க்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. செலவழிக்கத்தக்க மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கு தீர்ந்ததும் படகைத் திருப்புக. துடுப்பும் மிதவைச் சட்டையும் எப்போதும் படகில் இருத்தல் வேண்டும்.

4. பராமரிப்பு: இம்மோட்டார் கெடுவதற்குப் பெரிய காரணம் தூண்டில் நரம்பே. அது விசிறியின் பின்னே தண்டில் சுற்றிக்கொண்டு, நீர் புகாமற் காக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். பின்பு மோட்டாருக்குள் நீர் புகுந்து கம்பிச் சுருள் பாழாகும். ஆகையால் அடிக்கடி பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, விசிறியை எடுத்துப் பார்த்து நரம்பையும் பாசியையும் நீக்க வேண்டும். இதற்குச் சில நிமிஷங்களே செல்லும். அலட்சியம் செய்தாலோ புது மோட்டாரின் விலை நஷ்டமாகும்.

ஈயப் பாட்டரியைக் கரைக்கு வந்த அன்றே சார்ஜ் செய்க. சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் வாயு எழுமாதலின் காற்றோட்டமான இடத்தில் வைத்து, அருகில் பீடியும் விளக்கும் வராமற் காக்க. மூடி திறக்கும் வகையானால் தகடுகள் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுக. கிணற்று நீர் ஆகாது. படகு ஓடாத காலத்திலும் மாதம் ஒருமுறை சார்ஜ் செய்தல் நலம். பாட்டரிக்கு அருகில் தக்க பியூஸ் வைத்தால், கம்பிகள் தொட்டுக்கொண்டாலும் தீ விபத்து நேராது.

நன்னீருக்கென்று செய்த மோட்டாரை உப்பங்கழியில் இறக்கலாகாது.

பழைய பாட்டரியை ஏரிக்கரையில் எறிவது பெருங்கேடு. அதன் ஈயமும் திராவகமும் நீரைக் கெடுக்கும். அந்நீரே வயலுக்குப் பாய்வது, அதையே கால்நடைகள் குடிப்பது. கிராம அதிகாரிகள் இதைக் கவனித்து, பழைய பாட்டரிகளை விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுக்கும்படி செய்வார்களாயின் ஊருக்கு நன்மையாம்.